ஒரு சேவலும் மாறவில்லை

பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்த அந்த ஆனி மாதத்தில், பாதி நேரம் நான் விழித்திருந்தேனா கனவில் இருந்தேனா என்று எனக்கே தெரியாது. எங்கள் தெருவும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. திருத்தணி மலைக்கு வடக்கே, வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும் தெரு. அந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சத்தமாகவே தோன்றாது, தண்ணீர் மாதிரி. அதில் மிதந்துகொண்டேதான் சாப்பிடுவோம், சண்டை போடுவோம், தூங்குவோம். மொட்டைமாடியில் புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டு படுத்தால் மலை தெரியும். மேகம் இறங்கிய காலைகளில் மலையின் அடி மட்டும் இருக்கும். படியேறுகிறவர்கள் ஒவ்வொருவராக ஆகாயத்துக்குள் போய்க் காணாமல் போவார்கள்.

மெட்ராஸில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருந்தது. ஆடிக் கிருத்திகை கழிந்ததும் வகுப்பு. நைனாதான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவர் என்னைத் தடுக்கிறவர் இல்லை. மூன்று வருடம் மெட்ராஸில் விடுதியில் விட்டுப் படிக்கவைத்தவர். அவருடைய சங்கடம் வேறு.

"நாலு பேர் கேக்கறாங்கம்மா, உன் பொண்ணு இன்னா படிக்கப் போறான்னு. எனக்கே புரியாதத நான் எப்படி சொல்றது? கொரங்குப் படிப்பாமேன்னு சிரிக்கறானுங்க. எனக்குப் புரியற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. புரிஞ்சா அனுப்பறேன். புரியலன்னா தோ, இங்கயே டீச்சர் ட்ரெயினிங் கீது, அதுல சேர்ந்துடு."

ஒரு வார்த்தைதானே என்று எனக்கு ஒரே குஷி. என்னிடம் அது இருந்தது. கல்லூரியில் மூன்றாம் வருடம் பரிணாமப் பாடம் தொடங்கிய அன்று, பரிணாமம் என்றால் என்னவென்று ஆளுக்கொரு வரி எழுதச் சொன்னார் மேடம். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையேதான் எழுதியிருந்தோம். குரங்கு மனிதனாக மாறியது. சிலர் கொஞ்சம் நாகரிகமாக, எளிய உயிர் மெல்ல மெல்ல உயர்ந்த உயிராவது என்று. மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கதைய எழுதியிருக்கீங்க. கதைக்கு அடியில என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் எழுதல" என்றார். பிறகு கரும்பலகையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. ஊருக்கு வரும் பாசஞ்சர் வண்டியில் அதை நான் தமிழாக்கிப் பார்த்துக்கொண்டேன்: ஓர் இனக்கூட்டத்தில் மரபணுக்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதே பரிணாமம்.

முதலில் சப்பென்றிருந்தது. குரங்கு இல்லை, மனிதன் இல்லை, உயர்வு தாழ்வு இல்லை, கணக்குப் பாடம் போல விகிதம் என்று ஒரு சொல். ஆனால் அரக்கோணம் தாண்டி ஜன்னலோரம் கண் செருகும்போது அந்த வரி என்னை என்னவோ செய்தது. மெட்ராஸில் கிளம்பும்போது பெட்டி முழுக்கத் தமிழ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிலர் இறங்குகிறார்கள், சிலர் ஏறுகிறார்கள். திருத்தணி வருவதற்குள் பாதிப் பெட்டி தெலுங்கில் பேசிக்கொண்டிருக்கிறது. யாரும் தன் பாஷையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் பெட்டி மாறிவிட்டது. அரைத்தூக்கத்தில் அந்தப் பெட்டி நீண்டுகொண்டே போனது. ஜன்னல்களில் மீன்கள், ஓணான்கள், இறகு முளைத்த ஏதேதோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என் ஊரைத் தாண்டிப் போய்விட இருந்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா உலுக்கி எழுப்பினாள்.

அந்த ரயிலைத்தான் நைனாவிடம் முதலில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே முழுதும் கேட்டார்.

"அது ரயிலும்மா. ஏறுவான், எறங்குவான். இதுக்கு எம்.எஸ்ஸி.யா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவா, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், புரை ஏறுமளவுக்குச் சிரித்தார். எங்கள் தெருக்கோடியில் தனியாக இரண்டு தறி போட்டிருந்தவர். பேப்பர் படிப்பவர், ஆகையால் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அர்த்தம் உண்டு.

"மாமா, நான் சொல்றேன் கேளுங்க. கைத்தறி இருந்துச்சி. அப்புறம் விசைத்தறி வந்துச்சி. நாளைக்கு அதுக்கும் மேல ஒண்ணு வரும். ஒண்ணைவிட ஒண்ணு ஒசத்தி. அதான் பரிணாம வளர்ச்சி. சரிதானே, சயின்டிஸ்டம்மா?"

"இல்ல பாவா. ஒசத்தியெல்லாம் கெடையாது. மாறினா போதும்."

"அப்ப கெட்டுப் போனாகூட வளர்ச்சியா?"

"நான் வளர்ச்சின்னே சொல்லலியே!"

"பாத்தீங்களா மாமா, வளர்ச்சியே இல்லன்றா. இத்தப் போயி மெட்ராஸ்ல படிக்கணுமாம்."

அக்கா மடியில் குழந்தையோடு, குப்புற விழுந்தது தவழ்ந்து நடந்து ஓடுவதும் அதுதானே என்றாள். இல்லை, அது ஒருத்தர் வளர்வது என்றேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, காலம் மாறுதுன்னு சொல்லிட்டுப் போயேண்டி என்றாள். எல்லோருக்கும் அந்தச் சொல்லில் ஏதோ ஓர் உருவம் தெரிந்தது. ஏதோ ஒன்று, அதுவே, தானாக, வேறொன்றாக ஆகிக்கொண்டிருக்கும் உருவம். என்னிடம் இருந்ததோ உருவமே இல்லாத ஒன்று. ஒரு கூட்டத்தின் மேல் நகர்ந்து போகும் நிழல் மாதிரி. அதைக் கையில் பிடித்துக் காட்டச் சொன்னால் எங்கே போவேன்?

ஆனிக் கிருத்திகைக்கு மலையேறியபோதும் பாவா விடவில்லை. ஒரு பெரிய குரங்கு அவர் கையில் இருந்த தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு சுவர் மேல் ஏறி உட்கார்ந்தது. "இது எப்ப மனுஷன் ஆகும்னு உங்க மேடத்தக் கேட்டுச் சொல்லு."

"அது எதுக்கு பாவா ஆகணும்? தேங்கா கெடைச்சிகினுதானே கீது?"

இந்தத் தடவை சிரித்தது நைனா. ஆனால் இறங்கும்போது, "சிரிப்புக்கு நல்லாத்தான் இருக்குது. எனக்கு இன்னும் வெளங்கல" என்றார். அவர் விளங்கவில்லை என்றால் விளங்கவில்லைதான்; என் முகத்துக்காகத் தலையாட்டுகிறவர் இல்லை.

இந்த நிலையில்தான் சேவல் தேடும் வேலை வந்தது. அக்காவின் குழந்தைக்கு மாசியில் அம்மை போட்டிருந்தபோது, ஆடிக் கிருத்திகைக்கு மலையில் ஒரு சேவல் விடுவதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தாள். எங்கள் தெருவின் வழக்கம் அது. அதற்கென்று விதிகள் உண்டு. சேவல் முழுச் செவலையாக, உடம்பெல்லாம் ஒரே செம்பழுப்பாக இருக்க வேண்டும். இறகை விரித்துப் பார்த்தால்கூட ஒரு வெள்ளையோ புள்ளியோ தட்டுப்படக் கூடாது. பெட்டையோடு சேராத விடலையாக இருக்க வேண்டும். அதனால் வால் வளைந்து கூவ ஆரம்பித்ததுமே பிடித்துத் தனியாகக் கட்டிவிடுவார்கள். எங்கள் தெருவில் பொரித்ததாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கி விட்டால் நேர்த்தி ஆகாது. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு வீட்டில் நேர்ந்துகொள்வார்களாம். தறிக்கு மோட்டார் வந்த பிறகு வேண்டுதல்கள் பெருகிவிட்டன. மோட்டார் எரியக் கூடாது, கரண்ட் போகக் கூடாது, நூல் விலை ஏறக் கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரு செவலைச் சேவல்.

நானும் அம்மாவும் வீடு வீடாகப் போனோம். கொல்லைக்குக் கொல்லை கோழிகள். சாம்பல், கருப்பு, வெள்ளையில் கருப்பு தெளித்தது, கழுத்து மட்டும் சிவந்தது, உடம்பெல்லாம் சிவந்து றெக்கையில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி இருந்தது. முழுச் செவலை மட்டும் இல்லை. செவலைப் பெட்டைகள் ஒன்றிரண்டு மேய்ந்தன. சேவலில் இல்லவே இல்லை.

"நான் கல்யாணமாயி வந்தப்போ இந்தத் தெருவுல கோழின்னாலே செவலைதாண்டி" என்றாள் அம்மா. அவள் குரலில் பயம் இருந்தது. போன இடமெல்லாம் அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். சாமிக்குக் கோபம் என்றது ஒரு வீடு. தறிச் சத்தத்தில் முட்டை கலங்கிவிடுகிறது என்றது இன்னொன்று. பாவா மட்டும், சத்திரம் ரோட்டில் வந்திருக்கும் கோழிப்பண்ணையிலிருந்து தப்பித்த வெள்ளைச் சேவல்தான் எல்லாவற்றையும் கலந்துவிட்டது என்றார். அதைக் கேட்டு எனக்குச் சுறுசுறுவென்றது. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வெளியிலிருந்து வந்து கலப்பதாலும் விகிதம் மாறும், அதுவும் என் பாடத்தில் உண்டு. ஆனால் வேறு ஒன்றும் இருக்கிறது என்று மண்டைக்குள் ஒரு ஈ பறந்துகொண்டே இருந்தது. அது என்ன என்றுதான் பிடிபடவில்லை.

ஆடி பிறந்ததும் அம்மா மனசைக் கல்லாக்கிக்கொண்டு விதியை மீறினாள். ஏரிக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஒரு சிறு ஊர். தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பங்கள். அங்கே போய்ப் பார்க்கலாம் என்றாள். சாயங்காலம் கரை மேலேயே நடந்தோம். ஏரியில் தண்ணீர் குறைவு. இருந்த தண்ணீரில் வானம் கிடந்தது. கரும்புச் சருகு எரித்த புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து எங்கள் கால்களை மறைத்தது. அம்மாவின் முழங்காலுக்கு மேல் உள்ள பாதி மட்டும் என் முன்னால் மிதந்து போய்க்கொண்டிருந்தது. புகை விலகிய இடத்தில் முதல் எருக்குப்பை. அதன் மேல் ஒரு செவலைச் சேவல். அடுத்த குப்பையில் இன்னொன்று. வேலிமேல், வண்டி நுகத்தடிமேல், கூரைமேல். சாயும் வெயில் அவற்றின் கழுத்து இறகுகளுக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. நான் எங்கள் தெருவின் பழைய காலத்துக்குள் நடந்து வந்துவிட்ட மாதிரி நின்றுவிட்டேன்.

"ஏண்டி, நடுவுல நின்னுட்ட?"

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஓடினேன். "நீங்கள்லாம் மலைக்குச் சேவல் விடறதில்லையா?"

அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லேதும்மா. எங்களுக்கு ஏரிக்கரை அம்மன். ஆடுதான் குடுப்போம். ஏம்மா, மலையில கேக்கறாங்களா?"

"பண்ணைக் கோழி இங்க வர்றதில்லையா?"

"வரும். அதோ பாரு, அந்த வெள்ளைக் கழுத மூணு மாசமா இங்கதான் சுத்திகினு கீது."

வெள்ளைக் கழுதை என்று அவள் காட்டியது ஒரு பண்ணைச் சேவலை. அதைச் சுற்றிலும் செவலைகள். எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்கத் தோன்றியது. அம்மா வெட்கத்தோடு எங்கள் தறியில் நெய்த லுங்கி ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு விடலைச் சேவலை வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் அது என் இடுப்பில் சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் அம்மாவிடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. வாங்கின சேவலைச் சாமி ஏற்றுக்கொள்ளுமா என்ற கவலை அவளுக்கு.

மறுநாள் பகலில் கரண்ட் போனது. எங்கள் தெருவில் கரண்ட் போவது, காது கேட்க ஆரம்பிப்பது மாதிரி. தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நிற்க, காக்கை, குழாயடி, யாரோ குழந்தையை அதட்டுவது எல்லாம் எங்கிருந்தோ திரும்பி வரும். நைனா பாவில், தறியின் நீளவாக்கு நூலில், அறுந்த இழைகளை முடிந்துகொண்டு தறிமேடையில் உட்கார்ந்திருந்தார். இதைவிட்டால் நேரம் இல்லை என்று எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, இந்தப் பாவுல செவப்பு இழை நூத்துல பாதின்னு வெச்சிக்கோ. அடுத்த பாவுல கொஞ்சம் கொறையுது. அதுக்கடுத்ததுல இன்னும் கொஞ்சம். எந்த இழையும் நெறம் மாறல. ஆனா லுங்கியோட நெறம் மாறிப்போச்சி."

"ஆங். நான் மாத்தினா மாறும்."

"அதான்..."

"இன்னா அதான்? இங்க நெய்யறவன் ஒருத்தன் கீறான். டிசைன் குடுக்கறவன் ஒருத்தன் கீறான். உன் பாடத்துல யாரு?"

தறியைச் சொல்லியிருக்கவே கூடாது. தறி என்றால் அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கத்தான் செய்வார். கொல்லையில் கட்டியிருந்த சேவல், கூவக் கற்றுக்கொள்கிற கரகரப்பில் ஒரு முறை கூவியது.

"சரி, தறிய வுடு. நம்ம தெருவுல செவலைச் சேவல் ஏன் இல்ல?"

"உங்கம்மா பொலம்பிகினு கீறா. எனக்கு இன்னா தெரியும்?"

"வருஷா வருஷம் எத்தப் பிடிச்சி மலைக்குக் கொண்டு போறோம்?"

"முழுச் செவலைய."

"எப்ப பிடிக்கறோம்?"

"பெட்டையோட சேர்றதுக்கு முன்னாடி." சொன்னதும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப தெருவுல குஞ்சுக்கு அப்பனா இருக்கறது எது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளியும் சாம்பலும்" என்றார் மெதுவாக.

"ஏரிக்கு அந்தாண்ட போயிப் பாரு நைனா. குப்பைக்குக் குப்பை செவலை. அவங்க மலைக்கு வுடறதில்ல. பண்ணைச் சேவல் அங்கயும்தான் சுத்துது. கொஞ்சம் கலந்திருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம தெரு மாறினதுக்கு நம்ம நேர்த்திதான் பெரிய காரணம்னு நெனைக்கிறேன்."

"ஒரு சேவல் செவப்புலேர்ந்து புள்ளியா மாறலியா?"

"ஒண்ணுகூட மாறல. பொறந்த நெறத்துலதான் எல்லாம் செத்துது. தலைமொறைக்குத் தலைமொறை கூட்டத்துல செவலை கொறைஞ்சிது. அவ்ளோதான். மாறினது கூட்டம்."

"டிசைன் குடுத்தது?"

"யாரும் இல்ல நைனா. செவலைய ஒழிக்கணும்னு இந்தத் தெருவுல யாராச்சும் நெனைச்சாங்களா? நல்லது சாமிக்குன்னுதான் நெனைச்சாங்க."

அவர் முகம் இறுகியது. நான் எங்கே கால் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "அப்ப நேந்துக்கறது தப்புன்றியா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஆம் என்று சொன்னால் எல்லாம் போயிற்று. இல்லை என்று குழைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"தப்பா சரியான்னு என் பாடம் சொல்லாது நைனா. இன்னா ஆச்சி, எப்படி ஆச்சின்னுதான் சொல்லும். புள்ளிக்கோழி மட்டம்னுகூட அது சொல்லாது."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழித்துக்கொண்டன. அவர் சொன்னதோ சொல்லாமல் விட்டதோ அதற்குள் மூழ்கிப் போனது. நான் மாடிக்குப் போய் வெயிலிலேயே படுத்துக்கொண்டேன். டீச்சர் ட்ரெயினிங் என்று நினைத்துப் பார்த்தேன். கண்ணுக்குள் செவலைகள் ஒவ்வொன்றாகப் படியேறி மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் அம்மாவின் கத்தல்தான் எழுப்பியது. ஓடிப் போய்ப் பார்த்தால் நேர்ந்த சேவல் கயிறு இல்லாமல் எங்கள் பெட்டைகளுக்கு நடுவில் ஒரு றெக்கையைத் தாழ்த்திக்கொண்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நைனா வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றிருந்தார்.

"கட்டி வெச்சத ஏன்யா அவுத்து வுட்ட? தீட்டாயிடாதா?"

"கிருத்திகைக்கு இன்னும் நாள் கீது. அதுவரைக்கும் நம்ம கொல்லையில இருக்கட்டும். அப்புறம் சாமிக்குத்தான் போவப் போவுது."

"சாமி கோச்சுக்கும்!"

"அடுத்த வருஷமும் அவருக்குச் செவலை வேணாமா? கோச்சுக்கினா என்னாண்ட சொல்லட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "இதுவும் உன் பாடத்துல கீதா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கொப்பளிக்கப் போய்விட்டார். அனுப்புகிறேன் என்ற சொல் மட்டும் வரவே இல்லை. அடுத்து வந்த நாட்களிலும் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடும் என்று ஒரு பயம்.

கிருத்திகையன்று விடிகாலையில் மலையேறினோம். காவடிகளின் பூவாசனையும் வியர்வையும் சூடமும் கலந்து படிகள் நகர்வது போல இருந்தன. சேவலை அம்மா மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் நைனாவின் பழைய கூட்டாளி ஒருவர், பள்ளிப்பட்டுப் பக்கம் தறி வைத்திருப்பவர், மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னாப்பா, பொண்ணு படிப்ப முடிச்சிட்டாளா? அடுத்து இன்னா?"

நான் நின்றேன். பாவாவும் நின்றார், குறும்பாக என்னைப் பார்த்துக்கொண்டே.

"எம்.எஸ்ஸி. சேரப் போறா. மெட்ராஸ்ல" என்றார் நைனா.

"அது இன்னா படிப்பு?"

நைனா துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "ஒரு சேவல் மாறாதுப்பா. சேவக் கூட்டம் மாறும். யாரும் மாத்தாமலே மாறும். அது எப்படின்னு படிக்கப் போறா."

"கோழி டாக்டரா?"

"அதில்ல. மனுஷனுக்கும் அதே கணக்குதானாம்."

அவர் சொன்னதில் ஒன்று குறைந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தலைமொறை தலைமொறையா, நைனா. அத்தச் சொல்லணும்."

"ஆங், தலைமொறை தலைமொறையா" என்று கூட்டாளியிடம் சேர்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த படியில் கால் வைத்தார் நைனா.